வீட்டம்மா வேடம்

வீட்டம்மாவாக யார் நடிக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டதும், எல்லோரும் சுருட்டை முடிக்காரியைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள்.

சங்கத்தின் மாடி அறை. காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அங்கே கூடுவார்கள். வார விடுமுறையைக் கேட்டு வாங்குவது எப்படி என்பது அன்றைய பாடம்.

சுருட்டைக்கு அது பழைய பாடம். வேலை பார்க்கும் மூன்று வீட்டிலும் வாதாடி லீவு வாங்கியவள் அவள். ஒரு வீட்டில் செவ்வாய். ஒரு வீட்டில் வியாழன். ஒரு வீட்டில் ஞாயிறு.

அதனால் எந்த நாளும் அவளுக்கு லீவு இல்லை.

நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். வெறுங்கையைப் போனாக்கிக் காதில் வைத்தாள். அறை சிரித்தது.

வேலைக்காரியாக நடிக்க, அன்றுதான் முதன்முதலாக வந்திருந்த ஒருத்தி எழுந்தாள். தோளில் ஒரு குழந்தை தூங்கியது. கீழே படுக்க வைத்துவிட்டு வரச் சொன்னார் டீச்சர். முழித்துக்கொள்வான் என்று தலையாட்டினாள்.

"அக்கா, எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு வேணும்."

"அக்காவாம்ல! அம்மான்னு கூப்பிடுடி, வேலை போயிடப் போகுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சுருட்டை போனிலிருந்து முகத்தை எடுக்காமலே பேசினாள்.

"லீவா? ஏண்டி, உன்னை நான் வேலைக்காரி மாதிரியா நடத்துறேன்? கூடப் பொறந்தவ மாதிரில்ல வச்சிருக்கேன்!"

அறை அதிர்ந்தது. அச்சு அசல் எங்க வீட்டம்மா என்று ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

புதியவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"எம்பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் பாக்க விடுவாங்க. போன தடவை பாத்தப்ப முன்பல்லு விழுந்திருந்துச்சு. இப்ப மொளைச்சிருக்கும்."

"காரணம் எதுக்கும்மா சொல்றே? லீவு உன் உரிமை. கெஞ்சாம கேளு" என்றார் டீச்சர்.

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். நிமிர்ந்தாள்.

"எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு வேணும்."

இந்த முறை அக்கா என்று சொல்லவில்லை.

சுருட்டையின் கை காதிலிருந்து இறங்கியது.

"பிரமாதம்!" என்றார் டீச்சர். "இப்ப வீட்டம்மா சரின்னு சொல்லணும். சொல்லிட்டா முடிச்சுக்கலாம்."

சுருட்டை மேலே போட்டிருந்த காலை இறக்கி வைத்தாள்.

ஒரே ஒரு சொல். நடிப்பில் சொல்லும் சொல்தான். ஆனால் இத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இரண்டு வீடு இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்று சொல்லித்தான் அந்த இரண்டு வீட்டிலும் வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

"வேஷத்தைக் கலைக்க மாட்டேங்கிறா பாரு" என்று யாரோ மெச்சினார்கள். டீச்சர்கூடப் புன்னகைத்தபடி காத்திருந்தார்.

சுருட்டை தரையைப் பார்த்தாள். புதியவள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எதையாவது பதிலுக்குச் சொல்லியிருக்கலாம்.

சிரிப்புகள் ஒவ்வொன்றாக நின்றன.

கடைசியில் டீச்சரே கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் குழந்தை சிணுங்கியது. புதியவள் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி சுருட்டையின் அருகில் வந்து குனிந்தாள்.

"விடுங்கக்கா, நடிப்புதானே. ஞாயித்துக்கிழமையும் எப்பவும் போல இவனை எங்கிட்ட கொண்டாந்து விட்டுடுங்க."