நூற்றைம்பது கிராம்

எடைக் கருவியில் ஏறியதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூச்சுக்கு என்ன எடை இருக்கிறதோ.

அறுபது கிலோ நூற்றைம்பது கிராம்.

பிடித்த மூச்சை விட்டாள். எண் அசையவில்லை.

"அறுபதுக்கு மேல ஒரு கிராம்னாலும் ஆட விட முடியாதும்மா," என்றார் எடை பார்ப்பவர். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. கிரவுண்டைச் சுத்தி ஓடிட்டு வந்து பாருங்க."

கம்மல், வளையல், கொலுசு, தலையிலிருந்த கிளிப் எல்லாம் ஏற்கெனவே கழற்றியாயிற்று. கழுத்தில் தாலி மட்டும் இருந்தது. வேப்பமரத்தடியில் பிள்ளையை மடியில் வைத்திருந்த மாமியாரின் கண் அதன்மேலேயே இருந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு இனி எதற்குக் கபடி என்று ஊரே கேட்டது.

ஆடுவேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய்தான் சீனியை விட்டது.

சீனியை விடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. மாமியாரை மீறிச் சீனியை விடுவதுதான் பெரிய காரியம்.

காபியில் சீனி வேண்டாம் என்றாள். மாமியார் சரியென்று தலையாட்டிவிட்டுக் கருப்பட்டி போட்டாள். காலையில் உளுந்தங்களி. அதிலும் கருப்பட்டி.

"அது சீனியா? மருந்துல்லா."

ஒரு மாதம் இனிப்பை விட்டவளுக்கு ஒரு கிலோ கூடியிருந்தது.

பிறகு களியையும் கருப்பட்டிக் காபியையும் ஒதுக்கினாள். முட்டை, மீன், கீரை என்று தட்டு நிறையத்தான் சாப்பிட்டாள். ஆனாலும் மாமியார் கலங்கிப்போனாள். கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். அவள் பயந்தாள். அதுதான் தாங்கவில்லை.

"நீ இப்படி வாயைக் கட்டுனா பிள்ளைக்குப் பால் வத்திரும்ட்டி."

பிள்ளை கொஞ்சம் கூடுதலாக அழுதால் போதும். மாமியார் அவளைத்தான் பார்ப்பாள்.

அவளுக்கும் உள்ளூர அதே பயம்தான். வெளியே சொல்லவில்லை.

ஓடுவதற்காக மைதானத்தின் ஓரத்துக்குப் போனாள். அணிப் பெண்கள் கைதட்டினார்கள். ஓடுக்கா, ஓடுக்கா என்றார்கள்.

நாலு எட்டு வைத்திருப்பாள். மரத்தடியிலிருந்து அழுகை கேட்டது.

கேட்டதுமே பனியனின் முன்புறம் நனைந்தது. விடிகாலையில் ஊரைவிட்டுக் கிளம்பியபோது பால் கொடுத்தது. வரிசையில் நின்றதில் நேரம் போனது தெரியவில்லை.

அணிப் பெண்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அழுகை வீறலாயிற்று.

அவள் மரத்தடிக்கு நடந்தாள். நடக்கும்போதே அவளுக்கும் கண் கலங்கியது. இத்தனை மாதம் கட்டிய வாய். கேவலம், நூற்றைம்பது கிராமில் எல்லாம் போயிற்று.

மாமியார் முந்தானையை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை மடக்கு மடக்கென்று குடித்தது. ஒரு பக்கம் போதாமல் மறு பக்கமும் குடித்தது. கடைவாயில் வழிந்து கழுத்து மடிப்பில் இறங்கியது.

மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடைக்கக்கூட இல்லை.

குடித்து முடித்த பிள்ளையை மாமியார் வாங்கித் தோளில் சாய்த்து முதுகில் தட்டினாள். பெரிய ஆள் போல ஓர் ஏப்பம் விட்டது. மாமியார் அதைக் கைமாற்றிக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள்.

"போயி இன்னொருக்கா ஏறுட்டி."

"நான் ஓடவே இல்லையே அத்தை."

"ஏறுன்னா ஏறு."

ஏறினாள். கீழே பார்க்கத் தைரியம் வராமல் எதிரே தெரிந்த ஆடுகளத்தின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எடை பார்ப்பவர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"அறுபது," என்றார். "பிசிறில்லாம அறுபது. ஓடுன மாதிரியே தெரியலையே, என்னம்மா பண்ணுனீங்க?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளையோடு பின்னால் வந்து நின்ற மாமியார் பக்கம் திரும்பினாள்.

"பால் குடுத்தா," என்றாள் மாமியார்.

மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.