சாவியை மறக்கும் கார்

கதைக்குள் நுழையுமுன் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் மூளை உண்டு. உள்ளே இருக்கும் சிறிய கம்ப்யூட்டர், சாவியின் தலைக்குள் புதைந்திருக்கும் சிப்பை விசாரித்த பிறகுதான் என்ஜினை ஓடவிடும். சிப் பதில் சொல்லாவிட்டால் என்ஜின் ஒருமுறை உறுமி அடங்கிவிடும்.

அண்ணாமலையார் கோயில் கபாலி குருக்கள், தாம் பூஜை போடும் வண்டி எதுவானாலும், செப்புத் தகடு ஒன்றை அதன் சாவியில் தம் கையாலேயே சுற்றிக் கட்டுவார். தம் வீட்டு வண்டிச் சாவியையோ திங்கட்கிழமைதோறும் பூஜையில் வைத்து எடுப்பார்.

செங்கம் சாலையில் புதிதாக ஒர்க்‌ஷாப் திறந்திருக்கும் மதிவதனி, கம்ப்யூட்டரைச் சரிசெய்த காரில் வீட்டு ஆள் ஒருவரை ஏற்றி, ஓட்டிக் காட்டாமல் ஒப்படைக்க மாட்டாள்.

இனி, ஸ்கந்தனின் கோபத்துக்கு வருவோம்.

குருக்களின் மகன் ஸ்கந்தன், சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். இருவர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய சிவப்புக் கார் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினான். திங்களன்று பூஜை போட்டார்கள். செவ்வாயன்று கார் படுத்துவிட்டது.

மதிவதனி லேப்டாப்பும் கையுமாக வீட்டுக்கே வந்தாள். கம்ப்யூட்டர் சாவியை மறந்துவிட்டதாகவும், இரண்டையும் மறுபடி அறிமுகம் செய்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். செவ்வாய்தோறும் காலையில் ஸ்கந்தனுக்கு நீண்ட மீட்டிங். எனவே அம்மா ராஜராஜேஸ்வரி காரில் உடன் போய்வந்தாள்.

அடுத்த செவ்வாயும் கார் சாவியை மறந்தது. அதற்கடுத்த செவ்வாயும் மறந்தது. மற்ற நாள்களில் சமர்த்தாக ஓடியது.

ஸ்கந்தனுக்குச் சந்தேகம் முளைத்தது. ஒரு கோளாறைச் சரிசெய்துவிட்டு, அடுத்த வாரத்துக்கான கோளாறை அவளே உள்ளே எழுதி வைக்கிறாளோ? வேலூரில் பழைய கார்களின் அணிவகுப்பு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை மக்கர் செய்தால், மதிவதனி ஏமாற்றுக்காரி என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடப் போவதாக வீட்டில் அறிவித்தான். திறந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒர்க்‌ஷாப்பை இழுத்து மூட அந்த ஒரு வரி போதும். அது அவனுக்கும் தெரியும்.

"கண்ணால பார்த்துட்டு எழுதுடா," என்றார் குருக்கள்.

செவ்வாய் வந்தது. கார் மறந்தது. மதிவதனி வந்து உயிர் கொடுத்து, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனாள். ஸ்கந்தன் மீட்டிங்குக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தான்.

வேங்கிக்காலில், வீடுகள் இன்னும் எழும்பாத மனைப்பிரிவுச் சாலையில், சிவப்புக் கார் பின்பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் 'எல்' என்று எழுதிய அட்டை. அருகே போனவனைப் பார்த்து ஹாரன் ஒலித்தது.

"ஓரமா போடா. நான் திருப்பற இடம் இது," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பற்றியிருந்தவள் அவன் அம்மா. பக்கத்து இருக்கையில் மதிவதனி.

கார் வாங்கிய அன்று, ஓட்டிப் பார்க்கவா என்று அம்மா அவனிடமும் கேட்டிருந்தாள். அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று சொல்லிச் சிரித்திருந்தான்.

"அப்போ கார்ல கோளாறே இல்லையா?" என்று மதிவதனியிடம் கேட்டான்.

"கார்ல எப்பவுமே இல்ல சார். சாவித் தலையைச் சுத்தி செம்பு இருந்தா, சிப் சொல்றது கம்ப்யூட்டருக்கு எட்டாது. மொத நாளே தகட்டைக் கழட்டி வளையத்துல மாட்டிட்டேன். குருக்கள் கட்டின தகடுனு தெரிஞ்சா ஊரே சிரிக்கும்னு மாமி சங்கடப்பட்டாங்க. அதான் பழியைக் கம்ப்யூட்டர் மேல போட்டேன்."

"உங்களை ஏமாத்துக்காரின்னு எழுதறதா இருந்தேன்."

"நான் சொன்னது பொய்தானே சார், எழுதிக்குங்க. மாமி ரிவர்ஸ் கத்து முடிச்சிடட்டும், அது போதும்."

ஸ்கந்தன் தலை குனிந்தான். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினான். "வாரா வாரம் தகட்டை மறுபடி மேல சுத்தினது நீதானேம்மா?"

"நான் தொடவே இல்லைடா. அண்ணாமலையார் அருள், தானா ஏறிக்கறதுன்னு இருந்தேன். அப்பாகிட்ட மூச்சு விட்டுடாதே."

"நான் மாமி வேலைனு நெனச்சேன்," என்றாள் மதிவதனி.

பிறகு முடிவானவை வருமாறு:

வாட்ஸ்அப் குழுவில் ஸ்கந்தன் ஒரு வரி எழுதினான். மதிவதனியின் ஒர்க்‌ஷாப்பில் இப்போது நிறுத்த இடமில்லை.

வேலூர் அணிவகுப்பில் சிவப்புக் கார் ஒருமுறைகூட மறக்கவில்லை.

ராஜராஜேஸ்வரி முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் வாங்கினாள். ஸ்கந்தன் இப்போது அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறான்.

குருக்கள் யாருடைய சாவித் தலையிலும் தகட்டைச் சுற்றுவதில்லை; வளையத்தில்தான் கட்டுகிறார். கேட்டால், சாஸ்திரம் என்கிறார்.

திங்கள்தோறும் தகட்டை மேலே ஏற்றியவரும் அவர்தாம். முதல் தடவை, இடம் மாறிய தகட்டைப் பழையபடி வைத்தாராம். மற்ற தடவைகளுக்குக் காரணம் கேட்டபோது, மகனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தகடு ஏறின மறுநாள் உங்கம்மா பாடிண்டே ஆத்துக்குள்ள வந்தாடா. அடுத்த வாரமும் கேக்கணும்னு தோணித்து."