ஏழு மணிக்கு மேல் விளக்கு கிடையாது

“கரண்ட் பில்லை நான் கட்டிடறேன் மாப்பிள்ளை. தயவுசெஞ்சு லைட்டைப் போடுங்க.”

பாத்திரக் கடைக்காரர் இருட்டைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். மாப்பிள்ளை எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்றே அவருக்குத் தெரியவில்லை. அவர் தங்கையின் வீட்டுக்குள் நுழைந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஏழு அடித்ததும் அவளே எழுந்துபோய் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு வந்துவிட்டாள். ஜன்னலில் பழைய போர்வையைத் தைத்துத் தொங்கவிட்ட திரை. தெரு விளக்கின் ஓசி வெளிச்சத்துக்கும் வழியில்லை.

“பேசறதுக்கு எதுக்கு மச்சான் லைட்டு?” இடது பக்கத்திலிருந்து குரல் வந்தது. “காதுக்கு வெளிச்சம் வேணுமா என்ன?”

“நீங்க எலக்ட்ரீஷியன். ஊரெல்லாம் லைட்டு மாட்டறீங்க. சொந்த வீட்டுல இந்தக் கூத்தா?”

“ஊரெல்லாம் மாட்டறதாலதான் யூனிட் என்ன விலைன்னு எனக்குத் தெரியும்.”

சிக்கனம் என்றால் பாத்திரக் கடைக்காரருக்கும் பிடிக்கும். சோப்பு கரைந்து சில்லானால் அதைப் புது சோப்பின் முதுகில் ஒட்டித் தேய்க்கிறவர்தான் அவரும். ஆனால் எதற்கும் ஒரு அளவு வேண்டாமா? டிவியை விற்றுவிட்டு ஒரு பழைய ரேடியோ வாங்கி வைத்திருக்கிறார் இந்த மனிதர். கடைத்தெருவுக்கு ஆட்டோ கிடையாது. தினமும் சாயங்காலம் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வழியில் போய், அதே வழியில் திரும்பி வருகிறார். பார்த்தவர்கள் கடைக்கே வந்து சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அண்ணன்காரர் எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பார்?

அதிலும் அந்தச் சமையலறை. ஜாம் பாட்டில், டானிக் பாட்டில், பால் பவுடர் டின் என்று அலமாரி முழுக்கக் காயலான் கடை. சர்க்கரை பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட், உப்புக்கு இரண்டு. ரப்பர் பேண்டைக்கூடத் தூக்கிப் போட மனசு வராத குடும்பம்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் இன்று கடையிலிருந்து ஒரு டஜன் எவர்சில்வர் டப்பா கொண்டுவந்திருந்தார். கண்ணைப் பறிக்கும் செட். தங்கை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கேண்ணே,” என்றாள்.

“செட்டுன்னா ஒரே மாதிரிதாம்மா இருக்கும்.”

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே பெட்டியை மூடி வாசல் பக்கம் வைத்துவிட்டார். “ரொம்ப அழகா இருக்கு மச்சான். போறப்ப மறக்காம எடுத்துட்டுப் போயிடுங்க.”

அப்போதே அவருக்கு முகம் செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் இந்த இருட்டு.

வேர்த்துக் கொட்டியது. காற்றாடிக்கு அடியில் போகலாம் என்று ஸ்டூலை இழுத்தார்.

“மச்சான், ஸ்டூலை நகர்த்தாதீங்க,” என்று பதறினார் மாப்பிள்ளை. “தரை கீறிடும்.”

“தரையும் தேயக்கூடாதா? நல்லா இருக்குய்யா நியாயம்.”

“அண்ணே, கையை நீட்டு. டீ.”

தங்கை எப்போது எழுந்தாள், எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை. எதிலும் இடிக்காமல், சொட்டுக்கூடச் சிந்தாமல் டம்ளரைக் கையில் வைத்தாள். மத்தியானமே போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைத்த டீ. கேஸ் மிச்சம்.

தாயில்லாத பெண்ணைத் தலையைத் தடவி வளர்த்தவர் அவர். சின்ன வயதில் இருட்டென்றால் அலறுவாள். தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவளைப் போய் இப்படி இருட்டில் குடித்தனம் நடத்தப் பழக்கிவிட்டானே.

“நான் பார்த்துக் கட்டி வச்ச மாப்பிள்ளை,” என்றார். “சிக்கனமான பையன்னு சொன்னாங்க. சந்தோஷப்பட்டேன். என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்.”

அவர் இடது பக்கம் திரும்பினார்.

“வாயைத் திறங்க. மிச்சம் பிடிச்ச காசையெல்லாம் என்ன பண்ணப் போறீங்க? இவ ஒரு புடவை வாங்கி நான் பார்க்கலை. வெளியூர் போய் நான் பார்க்கலை.”

“திட்டுங்க மச்சான். நீங்க திட்டலாம்.”

“திட்டி என்ன ஆகப் போகுது? அம்மாடி, துணிமணியை எடுத்து வை. கிளம்பு என்னோட. நம்ம வீட்டுல விடிய விடிய லைட் எரியட்டும். எவன் கேக்கறான்னு பார்த்துடறேன்.”

“போயிடாதே” என்று மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் எதிர்பார்த்தார். மாப்பிள்ளை வேறு எதையோ கேட்டார்.

“அண்ணன்கிட்ட நான் சொல்லட்டுமாம்மா?”

“வேணாங்க. நானே சொல்றேன்.”

தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தேடாமலே அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ அழுதா என்னால தாங்க முடியாதுன்னுதான் சொல்லலை. நீ எத்தனை லைட் போட்டாலும் இந்த வருஷக் கடைசிக்கு மேல என் கண்ணுக்கு எதுவும் தெரியாதுண்ணே. டாக்டர் கையை விரிச்சிட்டார். பார்வை இருக்கறப்பவே பழகிக்கலாம்னு விளக்கை அணைச்சவ நான்தான். என்னை இருட்டுல தனியா விட மனசில்லாம இவர் கூடவே உட்கார்ந்திருக்கார். அவ்வளவுதான்.”

பாத்திரக் கடைக்காரர் டம்ளரைத் தரையில் வைத்தார். மாப்பிள்ளை எழுந்து சுவர்ப் பக்கம் போகும் சத்தம் கேட்டது.

“லைட்டைப் போடட்டுமா மச்சான்?”

“வேணாம் மாப்பிள்ளை,” என்றார் அவர். “அழறதுக்கு எதுக்கு லைட்டு?”