பல்லி காலமான செய்தி

டீக்கடைச் சுவரில், டிவிக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் டிவியில் திடுமென்று முரசு முழங்கி, திரை முழுக்கச் சிவப்பெழுத்து பாய்ந்தது. பூகம்பம்தான் வந்துவிட்டதென்று பதறிய பல்லி, வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு உத்தரத்துக்கு ஓடியது. யாரோ ஓர் அமைச்சர் காரைவிட்டு இறங்கினாராம், அதுதான் செய்தி.

கீழே மேசைமேல் வால் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. அந்த டிவித் திரையிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்ட ஈ ஒன்று வாலைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. "சற்றுமுன் பல்லி பலி. முதலில் சொல்வது நாங்கள்தான்," என்று விடாமல் கத்தியது. எறும்புகள் கூட்டமாக வந்து சேர்ந்தன.

பல்லி இறங்கி வந்து, "நான் இங்கேதாங்க இருக்கேன்," என்றது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வாலை மறைக்கிறீங்க," என்றது ஈ.

"அது என் வாலுங்க."

"ஓ, உறவுக்காரரா? இந்த நேரத்துல உங்க மனசு எப்படி இருக்கு?"

இதுவரை பல்லியின் மனசை யாரும் விசாரித்ததே கிடையாது. எறும்புகள் வாலைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டன. "இறுதி ஊர்வலம், நேரலையில்," என்றது ஈ.

ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பல்லி ஈயின் பக்கமாக நகர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது:

"தங்கமான பல்லிங்க. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைச்சதில்லை."