மூன்றாவது திருகு

"குடிச்சிட்டு சம்மட்டியைத் தூக்கினா கண்ணு போகாம வேற என்ன போகும்?"

கதவுக் கீல் வாங்க வந்த லாரிக்காரர் தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனாலும், கைவண்டியிலிருந்து வைஸை இறக்கிக்கொண்டிருந்த, கண் போனவரின் மனைவி காதில் விழுந்துவிட்டது. அவள் நிமிரவில்லை.

பட்டறைக்காரர் உலையில் கிடந்த கம்பியைத் திருப்பிப் போட்டார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

லாரிக்காரர் போனதும் வைஸைக் குனிந்து பார்த்தார். இரும்பைக் கவ்விப் பிடிக்க, கொல்லர்களுக்கென்றே செய்த பழைய வைஸ். தரையில் ஊன்ற நீளக் கால். இரண்டு தாடைகளையும் இறுக்கிப் பிடிக்கும் திருகு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. தாடையைத் தள்ளித் திறக்கும் வில்பட்டையும் உடைந்து தொங்கியது.

"வித்துடலாம்னு சொன்னேண்ணே. அவர் கேக்கல. அடுத்த மாசம் மறுபடி வேலையில இறங்கணுமாம். உங்ககிட்டதான் குடுக்கணும்னு ஒரே பிடிவாதம்."

"என்கிட்டயா?"

"ஆமா. இத்தனை பழக்கம் இருந்தும் நீங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை வந்து பார்க்கலன்னு எனக்குத்தான் வருத்தம். அவர் அதைக்கூடக் கேக்கல."

பட்டறைக்காரர் உலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேலை ஜாஸ்திம்மா. ஒரு வாரம் கழிச்சு வா."

ஒரு வாரம் கழித்து வந்தாள். வில்பட்டை புதிதாக அடித்து மாட்டியிருந்தது. கைப்பிடிக் கம்பி தயார். புதிதாக அடித்த திருகு மட்டும் பழைய இரும்புக் குவியலில் கிடந்தது.

"தட்டிப் பார்த்தேன். சத்தம் சரியில்ல. வேற அடிக்கிறேன்."

"பார்த்தா நல்லாத்தானே இருக்கு?"

"பார்த்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

அடுத்த வாரம் வந்தபோது இரண்டாவது திருகு நீளவாக்கில் பிளந்து கிடந்தது. இரும்பறுக்கும் வாளால் அறுத்திருந்தார்.

"எதுக்குண்ணே இப்படி அறுத்து வச்சிருக்கீங்க?"

"உள்ள எப்படி இருக்குன்னு பார்க்கத்தான்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "குடிகாரன் சாமான்தானே, மெதுவா செஞ்சா போதும்னு நீங்களும் நினைச்சிட்டீங்க. இல்லையா?"

பட்டறைக்காரர் குனிந்து பிளந்த துண்டுகளைப் பொறுக்கினார். அவளே தொடர்ந்தாள்.

"நினைச்சாலும் தப்பில்ல. ரெண்டு வருஷமா தொடலன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. ஆஸ்பத்திரியிலயும் 'நான் குடிக்கல'ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாரு. தலை முழுக்கக் கட்டு. அதைப் பார்த்துக்கிட்டே, 'இன்னும் எத்தனை பொய் சொல்வீங்க'ன்னு கேட்டேன். அதோட அவர் அந்தப் பேச்சையே எடுக்கல. நானும் சோத்தைப் போட்டு வச்சிட்டு எந்திரிச்சுப் போயிடுவேன்."

அவள் கிளம்பிய பிறகு அன்று முழுக்க அவர் வேறு வேலை எதையும் தொடவில்லை.

மூன்றாவது திருகுக்குப் பத்து நாள் ஆனது. ஒவ்வொரு மரையையும் அரத்தால் கையாலேயே வெட்டியிருந்தார். அவள் வந்து நின்றதும், தடித்த கம்பி ஒன்றைத் தாடைகளுக்கு நடுவே வைத்து இறுக்கினார். மறுமுனையைப் பிடித்து முழு பலத்தோடு வளைத்தார். கம்பி முறுக்கேறி முனகியது. அவர் முகம் அதற்கு நேரே இருந்தது. விலக்கிக்கொள்ளவில்லை.

வைஸ் அசையவே இல்லை.

கம்பியை விட்டுவிட்டு வேர்வையைத் துடைத்தார். அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"அன்னைக்கு அவர் குடிக்கலம்மா."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முறிஞ்சு போன திருகு நான் அடிச்சுக் குடுத்தது. கழுத்துல ஒரு விரிசல் இருந்துச்சு. பார்த்தேன். திரும்பக் காய்ச்சி அடிச்சிருக்கணும். அன்னைக்கு வெளியூர் போற அவசரம், அரத்தால தேய்ச்சு மறைச்சுக் குடுத்துட்டேன். அது தாங்காம தாடை விட்டிருக்கு. வளைச்சுக்கிட்டிருந்த கம்பி தெறிச்சு அவர் கண்ணுல அடிச்சிருக்கு."

அவள் அப்படியே நின்றாள்.

"குடிச்சிட்டு வேலை பார்த்தான்னு பத்துப் பேர் இங்க வந்து பேசினாங்க. நான் வாயைத் திறக்கல. எந்த மூஞ்சியோட ஆஸ்பத்திரிக்கு வருவேன்?"

அவள் கரி மூட்டையின் மேல் மெல்ல உட்கார்ந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"முறிஞ்ச துண்டைப் பார்த்தா விரிசல் இருந்தது தெரியுமாண்ணே?"

"இரும்பு வேலை தெரிஞ்ச யார் பார்த்தாலும் தெரியும். பழைய விரிசல் கறுத்துப் போயிருக்கும். அன்னைக்கு முறிஞ்ச இடம் மட்டும் பளபளன்னு இருக்கும்."

"அப்போ அவருக்கும் தெரிஞ்சிருக்கும்."

பட்டறைக்காரர் நிமிர்ந்தார்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னைக்கே அந்தத் துண்டை எடுத்துட்டு வரச் சொன்னாரு. மிச்சமிருந்த ஒரு கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் என் கையில குடுத்து, 'யாருக்கும் காட்டாம ஆத்துல போட்டுட்டு வந்துடு. அவனுக்கும் குடும்பம் இருக்கு'ன்னாரு. போட்டுட்டு வந்துட்டேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எவனுக்குன்னு நான் கேக்கவே இல்லண்ணே. அப்பல்லாம் நான் அவர்கிட்ட பேசறதே இல்ல."