ஆட்டம் நீக்கித் தரப்படும்

பாலக்காட்டில் என் ஸ்டூடியோ வாசலில் இப்படிப் பலகை மாட்டிய மூன்றாம் நாள், தலையில் துண்டு கட்டிய ஒருவர் வந்து போனை நீட்டினார்.

"பகவதி கோயில் திருவிழா, மோனே. மருமகன் எடுத்த வீடியோ, அவனுக்குக் கை நடுக்கம். ஆட்டத்தை எடுத்துக் கொடு. பகவதி ஏறி அருள்வாக்குச் சொல்ற வெளிச்சப்பாடு சாமியாடுறது வெறும் நடிப்புன்னு கோயில் கமிட்டியில பேச்சு. இதைப் பார்த்துத்தான் அவரை வைக்கிறதா நிறுத்துறதான்னு முடிவு பண்ணுவாங்க."

கம்ப்யூட்டரில் ஏற்றிச் சரிசெய்து ஓடவிட்டேன். முடியை விரித்துப்போட்டு வாளும் கையுமாக வெளிச்சப்பாடு தூண் மாதிரி அசையாமல் நிற்கிறார். கோயில், விளக்கு, யானை, கமிட்டித் தலைவர் எல்லாம் கிடுகிடுவென்று நடுங்குகின்றன.

"மன்னிச்சுக்குங்க சேட்டா. சாஃப்ட்வேர் ஆளை நிறுத்திட்டு ஊரை ஆட்டிவிட்டிருச்சு. வேற மாதிரி பண்ணித் தரேன்."

"தொடாதே. இதையே கொடு."

"கமிட்டிக்காரங்க சிரிப்பாங்களே?"

அவர் துண்டை அவிழ்த்தார். முடி இடுப்புவரை சரிந்தது. நெற்றியெல்லாம் வாள் பட்ட தழும்பு.

"ஆடுறது நான் இல்லைன்னு முப்பது வருஷமா சொல்றேன். ஒருத்தனாவது நம்பினானா?"