கதவு எந்தப் பக்கம்?

“கதவு உள்பக்கமா திறக்குமா, வெளிப்பக்கமா?”

அறக்கட்டளையின் தலைவியம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த பிசியோதெரபிஸ்ட்டுக்குத் திக்கென்றது. பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர்களுக்கு இலவசப் பயிற்சி மையம் நடத்துகிறவள் அவள். அதற்குப் பண உதவி கேட்டு வந்த மூன்றாவது கூட்டம் இது. எல்லாக் கேள்விக்கும் பதிலோடு வந்திருந்தாள், கதவைத் தவிர.

“எந்தக் கதவும்மா?”

“பாத்ரூம் கதவு.”

முதல் கூட்டத்தில் மையத்தின் போர்டு பச்சையாக இருப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அடுத்ததில் வாசல் சாய்தளம் வழுக்குமோ என்று சந்தேகம். மையம் இருக்கும் கட்டிடத்தின் ஓனரிடமும் விசாரிக்க வேண்டும் என்று அவர் நம்பரை வேறு வாங்கி வைத்துக்கொண்டார். இவளும் போர்டுக்கு நீலம் அடித்து, சாய்தளத்தைச் சொரசொரப்பாக்கிவிட்டு வந்தால், இப்போது பாத்ரூம்.

“வெளிப்பக்கம்தாங்க. உள்பக்கமா வச்சா, உள்ள யாராவது விழுந்துட்டா தள்ளித் திறக்க முடியாதே.”

“அப்ப வெளியில நடந்து போறவங்க மூஞ்சில இடிக்காதா?”

கூட்டம் நடந்தது அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். கணவர் விட்டுப்போன பணத்தில் ஆரம்பித்த அறக்கட்டளை. அம்மா தலைவி, பெற்ற மூன்றும் உறுப்பினர்கள். மூன்று பேருக்கும் மூன்று ஊர். ஒரு பைசா கொடுப்பதானாலும் எல்லோரும் நேரில் வந்து உட்கார்ந்துதான் முடிவெடுக்க வேண்டும் என்பது அம்மா போட்ட விதி.

“இந்தக் கதவுக்காகவா ரெண்டு ஃப்ளைட் மாறி வந்தேன்? வீடியோ கால் போதாதா?” என்று மூத்த மகன் வாட்சைப் பார்த்தான்.

மகளுக்குச் சமூக சேவையில் பெரிய படிப்பு. “கதவை விடுங்க. ஒரு நோயாளி எழுந்து நடக்கிறதால சமூகத்துல என்ன தாக்கம் ஏற்படும்னு சொல்லுங்க.”

“கடைக்குப் போவாருங்க” என்றாள் இவள். வேறென்ன சொல்வது?

கடைக்குட்டியின் கவலை வேறு. “அப்பா போட்டோ எங்க மாட்டுவீங்க?”

“நீங்க சொல்ற இடத்துல.”

“அந்த மீசை வச்ச போட்டோவைக் கொடுத்துடாதேடா” என்றாள் அக்கா. “அதுல அப்பா கடன் வசூலிக்க வந்தவர் மாதிரி இருப்பார்.”

மூத்தவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைக்குட்டி அப்பாவைப் போலவே முறைத்துக் காட்ட, மேஜையே அதிர்ந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பேப்பரைப் புரட்டுவதை நிறுத்திவிட்டு மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அம்மா, இந்த மாசக் கடைசிக்குள்ள வாடகைப் பாக்கியைக் கட்டலைன்னா ஓனர் பூட்டுப் போட்டுடுவார். இப்பதான் ரெண்டு பேர் கம்பியைப் பிடிக்காம நிக்க ஆரம்பிச்சிருக்காங்க. நடுவுல நிறுத்தினா மறுபடி படுக்கைதான்.”

சிரிப்பு அடங்கியது. “கொடுத்துடலாம்மா” என்றான் மூத்தவன். மகள் தாக்கத்தை மறந்து தலையாட்டினாள். கடைக்குட்டி பேனாவையே திறந்து அம்மாவிடம் நீட்டிவிட்டான். அப்பா போன பிறகு அவர்கள் மூன்று பேரும் ஒத்துப்போனது இதுவே முதல் தடவை.

ஏனோ அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. பேனாவை மூடி வைத்தார்.

“கதவு விஷயம் தெளிவாகாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த மாசம் கூடுவோம். எல்லாரும் நேர்ல வரணும். இப்ப சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பணும், சொல்லிட்டேன்.”

மூன்று பேரும் ‘ஐயோ அம்மா’ என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். இவள் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள். இன்னும் ஒரு நிமிஷம் இருந்தால் அங்கேயே அழுதுவிடுவாள்.

கேட்டைத் திறக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். தலைவியம்மா மூச்சு வாங்க வந்து நின்றார்.

“பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடுங்கம்மா. எதுக்கு இப்படி அலைய விடறீங்க?” அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. “பூட்டு விழுந்தப்புறம் கதவு எந்தப் பக்கம் திறந்தா என்ன?”

“மெதுவா பேசு, உள்ள கேட்டுடும்.” அம்மா வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “பூட்டெல்லாம் விழாது. நேத்தே உன் ஓனரைக் கூப்பிட்டுப் பேசிட்டேன். என் சொந்தக் காசுல பாக்கியைக் கட்டியாச்சு. வர்ற வருஷத்துக்கும் சேத்துத்தான்.”

நன்றி சொல்வதா, சண்டை போடுவதா?

“அப்ப... உள்ள எதுக்கும்மா என்னை அந்தப் பாடு படுத்தினீங்க?”

ஜன்னல் வழியே மீசை போட்டோ சண்டை மறுபடி கேட்டது. யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார்.

“உன் விஷயத்தை முடிச்சுக் கொடுத்துட்டா, அப்புறம் இதுங்க எதுக்கு இந்த வீட்டுக்கு வரப்போகுதுங்க?”

பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

“அடுத்த மாசமும் ஏதாவது ஒரு குறையோட வந்துடும்மா.”